தப்பாக வரைந்த பூ

2022 ஆவணி. முகூர்த்த நாட்கள் நெருக்கமாக வந்த நேரம். நான் வேலை பார்க்கும் நாகர்கோவில் அச்சகத்தின் முன்மேசையில் ஒரு அக்கா இரண்டு கல்யாண அழைப்பிதழ்களை அருகருகே வைத்தார். ஒன்று அவர் மகளுக்கு நான் வடிவமைத்தது. இன்னொன்று அதே தெருவில் மூன்று வீடு தள்ளி நடக்கவிருந்த கல்யாணத்துக்கு, அதுவும் நான் செய்ததுதான். இரண்டிலும் ஒரே ஜோடி மயில், ஒரே தங்கநிற வட்டக் கோலம். பெயரும் தேதியும் மண்டபமும்தான் வேறு.

அவர் சண்டை போடவில்லை. "மக்ளே, எம்பிள்ளைக்குன்னு தனியா ஒண்ணு செஞ்சு தருவேன்னுதான உங்கிட்ட வந்தேன்" என்று மட்டும் சொன்னார். கார்டுகள் அச்சாகி முடிந்திருந்தன, பாதி வீடுகளுக்குக் கொடுத்தும் ஆகிவிட்டது. இனி மாற்ற வழியில்லை. அவர் மீதிக் கட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்போது இந்த வேலைக்கு வந்து பதினான்கு வருடம் ஆகியிருந்தது. கோரல்டிரா என்கிற டிசைன் மென்பொருளில் கை தானாக ஓடும். ஆனால் அந்த நாட்களில் எப்படி வேலை செய்தேன் என்று அன்று ராத்திரி யோசித்துப் பார்த்தேன். காலையில் வந்ததும் இணையத்தில் டிசைன் படங்களைப் பார்ப்பேன். பிடித்ததை இறக்கி ஒரு ஃபோல்டரில் போட்டு வைப்பேன். வேலை வந்ததும் அந்த ஃபோல்டரில் இருந்து ஒரு மயில், ஒரு கரை, ஒரு பிள்ளையார் எடுத்து ஒட்டி, பெயரை மாற்றி, சரிபார்க்க மாதிரிப் பிரதி (ப்ரூஃப்) அனுப்பிவிடுவேன். வேலை சீக்கிரம் முடியும். ஆனால் ஊரில் உள்ள எல்லா அச்சகத்திலும் அதே படங்களைத்தான் இறக்கி வைத்திருப்பார்கள். நான் செய்ததில் என்னுடையது என்று சொல்ல ஒரு கோடுகூட இல்லை.

சரி, புதிதாக ஒன்று வரைந்து பார்ப்போம் என்று ஒரு வெள்ளைத்தாளை எடுத்து உட்கார்ந்தேன். அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தும் கை மயிலைத்தான் வரைந்தது. சின்ன வயதில் நோட்டின் ஓரமெல்லாம் வரைந்து திட்டு வாங்கியவள் நான். உள்ளே இருந்தது எல்லாம் வற்றிவிட்டதோ என்று அன்றைக்கு உண்மையிலேயே பயந்துவிட்டேன்.

வற்றவில்லை, நிரப்பாமல் விட்டிருந்தேன் என்பது பிறகுதான் புரிந்தது. அதற்குப் பிறகு நான் பழகிக்கொண்ட சில சின்னப் பழக்கங்களைத்தான் இங்கே எழுதுகிறேன். எல்லாம் சமையலுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் செய்யக்கூடியவை. படம் வரைகிறவர்களுக்கு மட்டுமானவையும் இல்லை. கடை நடத்துகிறவர், பாடம் எடுக்கிறவர், மெஷின் ஓட்டுகிறவர் யாருக்கும் பொருந்தும்.

முதலில் ஆரம்பித்தது ஒரு நாற்பது பக்க நோட்டு. காலையில் எழுந்ததும் போனை எடுக்காமல், பால் விடாத கட்டன்சாயாவோடு அடுக்களைப் படியில் உட்கார்ந்து, நேற்றுப் பார்த்த ஒரே ஒரு விஷயத்தை எழுத வேண்டும். அவ்வளவுதான். முதல் வாரம் நான் எழுதியதைப் படித்தால் பாவமாக இருக்கும். 'மழை பெய்தது.' 'பஸ்ஸில் கூட்டம்.' 'குளம் அழகாக இருந்தது.' குளத்தில் எது அழகு? எனக்கே தெரியவில்லை. நான் பார்க்கவே இல்லை, 'குளம்' என்ற சொல்லைத்தான் எழுதியிருக்கிறேன்.

அதனால் எனக்கு நானே ஒரு நிபந்தனை போட்டுக்கொண்டேன். எழுதும் வரியில் ஒரு எண்ணோ, ஒரு நிறமோ, ஒரு சத்தமோ கண்டிப்பாக இருக்க வேண்டும். நிறம் என்றால் வெறும் 'பச்சை' செல்லாது, எதன் பச்சை என்று சொல்ல வேண்டும். இந்தச் சின்ன நிபந்தனை என் கண்ணையே மாற்றிவிட்டது. மறுநாள் எழுத வேண்டுமே என்பதற்காக முந்தின நாளே உற்றுப் பார்க்க வேண்டியதாயிற்று. ஒரு மாதம் கழித்து எழுதியவை இப்படி இருந்தன: 'சந்தையில் சக்கை (பலாப்பழம்) வெட்டுகிற பாட்டி, பால் ஒட்டாமல் இருக்க ஒவ்வொரு துண்டுக்கும் ஒருமுறை கத்தியில் எண்ணெய் தடவுகிறாள்.' 'கன்னிப்பூ நெல் அறுத்த வயலில் மிச்சம் நிற்கிற தாள், பழைய கோரைப்பாயின் மஞ்சள்.' 'பக்கத்து வீட்டுக் கிணற்றுக் கப்பி மூன்று சத்தம் போடுகிறது, மூன்றாவதுதான் பெரிது.'

இதெல்லாம் கல்யாணக் கார்டில் வருமா என்று கேட்கலாம். நேராக வராது. ஆனால் கோரைப்பாய் மஞ்சள் ஒரு கார்டுக்குப் பின்னணி நிறமாக வந்தது. அந்த நிறத்தைப் பார்த்துவிட்டு ஒரு பெரியவர், "இது நம்ம வீட்டுப் பாய் நிறம்லா" என்று தடவிப் பார்த்தார். அந்தக் கார்டைச் செய்யும்போது நான் எந்த ஃபோல்டரையும் திறக்கவில்லை.

எங்கள் மெஷினை ஓட்டுகிற அண்ணனும் என்னைப் பார்த்து ஒரு நோட்டு போட்டார். அவருக்கு மழைக்காலம் வந்தாலே தலைவலி. நம் மாவட்டத்தில் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. அந்த மாதங்களில் பேப்பர் ஓரம் அலை அலையாக வளைந்து மெஷினில் சிக்கும். அவர் தினமும் ஒரு வரி எழுதினார்: எந்தக் கட்டு, எந்த நேரம், எந்த ஓரம். மூன்று வாரத்தில் ஒன்று தெளிவானது. வளைவதெல்லாம் முந்தின நாள் பிரித்து, மிச்சத்தைத் திறந்தபடி போட்டு வைத்த கட்டுகள். உறை பிரிக்காத கட்டு வளையவில்லை. காற்றில் உள்ள ஈரத்தைத் தாளின் ஓரங்கள்தான் முதலில் குடிக்கின்றன. இப்போது தேவையான அளவுக்கு மட்டும் பிரிக்கிறார், மீதியை உடனே பாலித்தீனில் சுற்றிவிடுகிறார். அவரை யாரும் கலைஞர் என்று சொல்வதில்லை. ஆனால் அவர் செய்ததும் படைப்பு வேலைதான் என்று நான் நினைக்கிறேன்.

அடுத்துச் சொல்லப் போவதுதான் எனக்கு மிக அதிகமாகக் கொடுத்த பழக்கம். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது சுற்றுலா போனோம், பிறகு யாராவது சொந்தக்காரர்கள் வந்தால் கூட்டிக்கொண்டு போவோம். கருங்கல் கட்டில், கண்ணாடி மாதிரி மின்னும் கறுப்புத் தரை, குதிரை விளக்கு என்று காட்டிவிட்டு வந்துவிடுவோம். அந்தக் கார்டு விஷயத்துக்குப் பிறகு ஒரு முறை என் நாத்தனார் பிள்ளைகளோடு போயிருந்தபோது, நுழைந்ததும் வருகிற பூமுகத்தில் வழிகாட்டி தலையை நிமிர்த்திக் காட்டினார். மரக்கூரை முழுக்க சதுரம் சதுரமாகச் செதுக்கிய பூக்கள். "தொண்ணூறு பூ, ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது" என்றார். எல்லோரும் ஒரு 'ஓ' போட்டுவிட்டு நகர்ந்தார்கள். நான் நகரவில்லை. என்னிடம் இரண்டே கார்டு, இரண்டும் ஒன்று. இங்கே ஒரே கூரையில், ஒரே மரத்தில், ஒரே மாதிரிக் கட்டங்களுக்குள் தொண்ணூறு.

முதலில் பழக்க தோஷத்தில் போனை எடுத்தேன். படமெடுத்துக்கொண்டு போய் கணினியில் வைத்துக் கோடு கோடாக வரையலாம் என்று தோன்றியது. பிறகு அதுவும் இன்னொரு ஃபோல்டர்தானே என்று வைத்துவிட்டேன். அதற்குப் பதிலாக ஒரு பூவை மட்டும் தேர்ந்தெடுத்தேன். கழுத்து வலிக்கும்வரை, ஒரு ஐந்து நிமிடம் அதையே பார்த்தேன். நடுவில் எத்தனை இதழ், எந்த இதழ் எதன் மேல் மடிகிறது, வெளி வட்டத்தில் இலை இருக்கிறதா, அதன் நுனி வலப்பக்கம் சாய்கிறதா இடப்பக்கமா என்று மனதுக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். பிறகு வெளியே வந்து, பஸ்ஸுக்காகக் காத்திருந்த நேரத்தில், மடியில் நோட்டை வைத்து ஞாபகத்திலிருந்து வரைந்தேன்.

தப்பாகத்தான் வந்தது. உள் வட்டம் சரி. வெளி வட்டத்துக்கு வந்தபோது எத்தனை இதழ் என்பது மறந்துவிட்டது. கை தானாக அம்மா வாசலில் போடுகிற கோலத்தின் வளைவை அங்கே கொண்டுவந்து வைத்துவிட்டது. இலை இருக்க வேண்டிய இடத்தில் வெற்றிலைக் கொடி மாதிரி ஒன்று. வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது ஏமாற்றமாக இருந்தது. இரண்டு நாள் கழித்து மறுபடி எடுத்துப் பார்த்தேன். கூரையில் இருந்த பூவை நான் வரையவில்லை, சரி. ஆனால் தாளில் இருக்கிற இந்தப் பூ எங்கேயும் இல்லையே! பாதி அந்தத் தச்சருடையது, பாதி என் அம்மாவுடையது. இரண்டும் என் கைக்குள் வந்து கலந்து மூன்றாவதாக ஒன்று ஆகியிருக்கிறது.

மூன்று வருடத்துக்கும் மேலாக எனக்குச் சோறு போடுவது இந்தக் கண்டுபிடிப்புதான். பார்த்ததை அப்படியே எடுத்து வைத்தால் அது இன்னொருவருடையது. நன்றாகப் பார்த்து, உள்ளே போட்டு, நேரம் கழித்து ஞாபகத்திலிருந்து எடுத்தால், மறந்துபோன இடங்களை நம் சொந்தச் சரக்கு வந்து அடைக்கிறது. அந்த ஓட்டைகள்தான் நாம் நுழைகிற இடம். மறதியைக் குறை என்றே நினைத்து வளர்ந்தவள் நான். இந்த வேலையில் அது பெரிய துணை.

இதை எதற்கும் செய்யலாம். ஹோட்டலில் சாப்பிட்ட குழம்பின் செய்முறையைத் தேடாமல், நாக்கில் இருக்கும் ஞாபகத்தை வைத்து வீட்டில் வைத்துப் பாருங்கள். ஒரு நல்ல பேச்சைக் கேட்டால் குறிப்பெடுக்காமல் கேட்டுவிட்டு, மறுநாள் உங்கள் பிள்ளைக்கு உங்கள் வாயால் சொல்லிப் பாருங்கள். இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று, பார்க்கும்போது அரைகுறையாகப் பார்க்கக் கூடாது. ஐந்து நிமிடம் நின்று பார்த்தால்தான் ஞாபகத்தில் ஏதாவது தங்கும். ஏனோதானோ என்று பார்த்தால் மறுபடியும் மயில்தான் வரும். இரண்டாவது, வரைந்து முடித்ததும் ஓடிப்போய் அசலோடு ஒப்பிட்டுத் திருத்தக் கூடாது. நான் குறைந்தது இரண்டு நாள் விடுவேன்.

அப்புறம் தோவாளை. நாகர்கோவிலில் இருந்து திருநெல்வேலி போகிற வழியில் இருக்கிற பூச்சந்தை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். அங்கே கட்டுகிற மாணிக்க மாலைக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு முன்பே ஒருநாள் காலையில் தெரிந்த வீட்டில் உட்கார்ந்து ஒரு அண்ணன் மாணிக்க மாலை கட்டுவதைப் பார்த்தேன். அவர் முன்னால் இருந்தவை மூன்றே மூன்று: வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நொச்சி இலை. பூவைப் பூவாகவே வைத்துத் தொடுப்பதில்லை. மடிக்கிறார். நகத்தால் ஒரு அழுத்து, ஒரு மடிப்பு, நாரில் ஒரு சுற்று. அடுத்தது அதன் தோளில் தோள் உரசுகிற மாதிரி. வரி வரியாகப் போகப் போக மாலை பட்டையாக, பாய் பின்னியது போல ஆகிறது. வெள்ளைக்கு நடுவில் சிவப்பு கட்டம் கட்டமாக எழும்பி, கல் பதித்த நகை மாதிரித் தெரிகிறது. மணமும் நிறமுமாகச் சந்தையில் அவ்வளவு பூ குவிந்து கிடக்கிறது, அவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் அதற்கு நேர்மாறாக இருந்தேன். கணினியில் லட்சக்கணக்கான நிறம், ஆயிரக்கணக்கில் எழுத்துரு. எதை எடுப்பது என்று தேடுவதிலேயே பொழுது போய்விடும், கடைசியில் கை பழகியதையே எடுக்கும். அடுத்த வாரம் வந்த ஒரு வேலைக்கு நான் எல்லை போட்டுக்கொண்டேன்: இரண்டே நிறம், ஒரே எழுத்துரு, படமே கிடையாது, சாய்சதுரம் மட்டும். அந்த வீட்டாருக்கும் செலவு குறைந்தது, ஏனென்றால் ஆஃப்செட் அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனியாக ஒரு அச்சுத்தகடு (பிளேட்) போட வேண்டும். சிவப்பும் கரும்பச்சையும் சாய்சதுரங்களாக இறங்கி, கீழே வரவர அடர்த்தி குறைந்து, மணமக்கள் பெயரில் வந்து நிற்கிற மாதிரி ஒரு கார்டு. அது முடிந்த அன்று சந்தோஷத்தில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எல்லை எவ்வளவு கொடுக்கும் என்பதற்கு நம் கடற்கரையிலேயே பெரிய சாட்சி நிற்கிறது. கன்னியாகுமரியில் 2000 ஜனவரி 1-ல் திறந்த வள்ளுவர் சிலையின் மொத்த உயரம் 133 அடி, குறளின் அதிகாரங்களின் எண்ணிக்கை. சிலையை வடித்த கணபதி ஸ்தபதி அதோடு நிற்கவில்லை. பீடம் 38 அடி, அது அறத்துப்பாலின் அதிகாரக் கணக்கு. மேலே நிற்கிற சிலை 95 அடி, அது பொருளும் இன்பமும். அறத்தின் மேல் மற்ற இரண்டும் நிற்கின்றன. ஒரு எண்ணைக் கட்டாயமாக எடுத்துக்கொண்டதால்தான் அந்தக் கருத்து கல்லிலேயே வந்து உட்கார்ந்தது. வீட்டு வேலையிலும் இதைச் செய்து பார்க்கலாம். 'இன்றைக்குக் கடைக்குப் போகாமல் இருக்கிறதை வைத்துச் சமையல்' என்று சொல்கிற நாளில்தான் எங்கள் வீட்டில் புதிய கறி ஏதாவது பிறக்கும். மரச்சீனிக் கிழங்கும் காணமும் (கொள்ளு) சேர்ந்து ஒரு துவட்டல் அப்படி வந்ததுதான், இப்போது பிள்ளைகள் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.

நடப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், எல்லோரும் சொல்வதுதான். என் வீட்டில் இருந்து தேரூர் குளத்தங்கரைக்குப் பத்து நிமிடம். கவிமணி பிறந்த ஊர். சுசீந்திரம் குளத்தையும் தேரூர் குளத்தையும் சேர்த்து 2022-ல் முக்கியமான ஈரநிலங்களுக்கான உலக அளவிலான ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள். கூழைக்கடா, நாரை, நீர்க்காகம் எல்லாம் வரும். நான் தினமும் ஒரே பாதையில்தான் நடக்கிறேன். புதிய இடத்துக்குப் போனால் புதிய யோசனை வரும் என்பார்கள். எனக்கு அப்படி இல்லை. பழகிய பாதையில்தான் நேற்று இல்லாதது கண்ணில் படுகிறது. வாரத்துக்கு ஒரு நிறம் வைத்துக்கொள்வேன். இந்த வாரம் நீலம் என்றால் நீலத்தை மட்டும் தேடிக்கொண்டு நடப்பேன். மீன்கொத்தியின் முதுகு, யாரோ எறிந்த குடத்தின் மூடி, வேஷ்டிக்கு நீலம் அதிகமாகிப்போன ஒரு தாத்தா.

நடையைப் பற்றி ஒன்று மட்டும் தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் 2014-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். உட்கார்ந்திருக்கும்போதைவிட நடக்கும்போது ஆட்களுக்குப் புதிய யோசனைகள் கூடுதலாக வந்தன, நடந்து முடித்து உட்கார்ந்த பிறகும் அந்தப் பலன் கொஞ்ச நேரம் இருந்தது. ஆனால் ஒரே ஒரு சரியான விடை உள்ள கேள்விகளுக்கு நடை உதவவில்லை, சற்றுக் குறையத்தான் செய்தது. இதைப் படித்த பிறகு என் நாளை மாற்றி அமைத்தேன். நடந்து வந்ததும் செய்வது பென்சில் வேலை. பெயரில் எழுத்துப்பிழை, தேதி, கிழமை, முகூர்த்த நேரம் சரிபார்ப்பது எல்லாம் சாயங்காலம், அசையாமல் உட்கார்ந்து.

பஸ்ஸில் போனை எடுப்பதில்லை. காதில் பாட்டும் இல்லை. முதல் பத்து நிமிடம் சலிப்பாக இருக்கும், கை பைக்குள் போகும். பொறுத்துக்கொண்டால் பார்வதிபுரம் தாண்டும்போது மனது தானாக ஏதாவது ஒன்றை எடுத்து உருட்ட ஆரம்பிக்கும். வந்ததை உடனே எழுதிவிட வேண்டும். 'வீட்டுக்குப் போய் எழுதலாம்' என்று விட்டது ஒன்றுகூட எனக்குத் திரும்பக் கிடைத்ததில்லை.

என் மாமனார் சின்ன வயதில் ஒரு வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடித்தவர். கொடை விழாக்களுக்குப் போய் விடிய விடியப் பாடிவிட்டு வருவார்களாம். ஒருநாள் நான் ஒரு கார்டு யோசனையில் மாட்டிக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். "என்னத்த மக்ளே அப்படி யோசிக்க? எங்கிட்ட சொல்லு, நான் கேக்கேன்லா" என்றார். அவருக்கு டிசைனைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேதான் ஆரம்பித்தேன். "மாமா, ஒரு ரப்பர் தோட்டக்காரர் வீட்டுக் கல்யாணம்." "ஆமா." "பொண்ணு படிச்சு வெளியூர்ல வேலை பாக்கா." "ஆமா, அப்புறம்?" "விடியக்காலத்துல எழும்பி அப்பா கூட தோட்டத்துக்குப் போய் வளந்த பிள்ளையாம்." "ஓகோ! விடியக்காலத்துலயா? இருட்டுலயா போவா?" அந்தக் கேள்வியில் எனக்குப் பொறி தட்டியது. இருட்டில் தலைவிளக்கோடு பால் வெட்டப் போகிறவர்களின் வெளிச்சம், மரத்துக்கு மரம் தாவிப் போகும் ஒரு சின்ன வட்டம். கார்டு முழுக்க அடர்ந்த கரும்பச்சை, நடுவில் ஒரே ஒரு மஞ்சள் வட்டம், அதற்குள் இரண்டு பெயர்.

பிறகு அவர்தான் விளக்கினார். வில்லில் முன்னால் இருந்து பாடுகிற புலவர் பாட்டை எடுத்தால், பின்பாட்டுக்காரர்கள் கடைசி அடியை வாங்கிப் பாடுவார்கள், கதை சொல்லும்போது 'ஆமா' போடுவார்கள், 'அப்படியா?' என்று கேட்பார்கள். அது சும்மா ஒரு அலங்காரம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். "கேக்க ஆளில்லன்னா புலவருக்கு அடுத்த அடி வராது பிள்ளே" என்றார். இப்போது வாரத்தில் இரண்டு நாளாவது அவரிடம் சொல்லிப் பார்க்கிறேன். இதில் கவனிக்க வேண்டியது, கேட்கிறவர் தீர்ப்பு சொல்லக் கூடாது. நன்றாக இருக்கிறது, நன்றாக இல்லை என்று சொல்கிறவரிடம் ஆரம்ப யோசனையைக் கொண்டு போகாதீர்கள். அது பொருக்குத் தட்டாத புண் மாதிரி, தொட்டால் வலிக்கும். 'அப்புறம்?' என்று கேட்கிற ஒருவர் போதும். அவருக்கு உங்கள் தொழில் தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது, தெரிந்தவர்கள் கேட்க மறந்த கேள்வியை அவர்தான் கேட்பார்.

இன்னொரு பழக்கம், கணினியைத் திறப்பதற்கு முன்னால் பத்து பெட்டி. ஒரு தாளில் பத்து சின்னப் பெட்டி போட்டு, பத்தையும் நிரப்பிவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவேன். முதல் மூன்றும் எல்லோரும் செய்கிறவை: மயில், வாழைமரம், நாதஸ்வரம். அவை வெளியே வந்தால்தான் வழி விடும், அதனால் தடுக்காமல் வரைந்துவிடுவேன். நான்கில் இருந்து ஏழு வரை வறட்சி. எட்டாவதில் கை எதையாவது கிறுக்கும், அதில்தான் பெரும்பாலும் விஷயம் இருக்கும். பத்தும் வீணாகப் போகிற நாளும் உண்டு. அந்தத் தாளைக் கிழிக்காமல் தேதி போட்டு வைக்கிறேன். பழைய தாள்களில் இருந்து எடுத்தே நாலைந்து கார்டு செய்திருக்கிறேன்.

முடித்ததை அன்றே அனுப்புவதில்லை. ஒரு ராத்திரி ஊற வேண்டும். அவசரம் என்று சொல்கிறவர்களிடமும் ஒருநாள் கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

வராத நாட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். போன வருடம் அம்மா பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். நோட்டு எழுதவில்லை, நடக்கவில்லை, ஒரு பெட்டிகூட நிரம்பவில்லை. அச்சகத்தில் பழைய மாதிரிகளை வைத்தே வேலையை ஓட்டினேன். அதற்காக என்னை நானே திட்டிக்கொள்ளவில்லை. தூக்கமும் சோறும் மனநிம்மதியும் இல்லாதபோது புதிதாக ஒன்றும் முளைக்காது. அம்மா வீட்டுக்கு வந்த பிறகு மறுபடி நோட்டின் ஒரு வரியில் இருந்து ஆரம்பித்தேன். எல்லாப் பழக்கத்தையும் ஒரே நேரத்தில் தொடங்குகிறவர்கள் ஒரு மாதத்தில் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள், பார்த்திருக்கிறேன். உங்களுக்கு ஒன்றே ஒன்றுதான் முடியும் என்றால் அந்தக் காலை வரியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எண், நிறம், சத்தம், மூன்றில் ஒன்று.

இந்தச் சித்திரையில் அதே அக்கா வந்திருந்தார். இளைய மகளுக்குக் கல்யாணம். முன்பு நடந்ததை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஆனால் நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். மகளுக்கு என்ன பிடிக்கும், சின்ன வயதில் எங்கே விளையாடுவாள், வீட்டில் எந்த மரம் நிற்கிறது என்று. செந்துளுவன் வாழை என்றார். அந்த வாழையின் தண்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, இரண்டு நாள் விட்டு, ஞாபகத்திலிருந்து அந்தச் சிவப்பை எடுத்தேன். ப்ரூஃபைக் கையில் வாங்கியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி தொட்டுப் பார்த்தார்.

அரண்மனைக் கூரைப் பூக்களில் இதுவரை 37 வரைந்து முடித்திருக்கிறேன். முப்பத்தேழுமே தப்புதான், ஒன்றுகூட அங்கே இருக்கிற மாதிரி இல்லை. திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. செவ்வாய்க்கிழமை போகலாம் என்று இருக்கிறேன், மேற்கு மூலையில் ஒரு பூவைப் பார்த்து வைத்திருக்கிறேன்.